ஸ்டார்ட் ஆகாத போட் இன்ஜின்: முதலில் புகையைப் பார்

மார்கழி மாத விடியற்காலை, பெசன்ட் நகர் கடற்கரையின் வடக்கு முனை, ஊரூர் ஆல்காட் குப்பம். புயல் மழை என்று பத்து நாளாகத் தார்ப்பாய் மூடிக் கிடந்த ஒரு பைபர் போட்டின் பழைய டீசல் இன்ஜினை ஒரு இளைஞர் ஹேண்டில் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தார். இருபது தடவையாவது இருக்கும். வியர்த்து உட்கார்ந்துவிட்டார். பக்கத்துப் போட்டில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்தார். ஹேண்டிலைத் தொடவே இல்லை. ஒரே ஒரு கேள்வி: "புகை வந்துச்சா?"

"பாக்கலியே ண்ணா."

"அப்ப இன்னாத்துக்கு சுத்துன?"

அந்தக் கேள்வியில் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. காருக்கு பேட்டரி, இந்த இன்ஜினுக்குக் கைதான் பேட்டரி. இருபது சுற்றில் அது காலி. அதற்கப்புறம் கோளாறு எங்கே என்று கண்டுபிடித்தாலும் சுற்றத் தெம்பு இருக்காது. அதனால் முதலில் யோசனை, அப்புறம்தான் ஹேண்டில்.

நல்லவேளையாக யோசிக்க வேண்டியது ரொம்ப இல்லை. பெட்ரோல் இன்ஜின் என்றால் பிளக், காயில், கார்ப்பரேட்டர் என்று பட்டியல் நீளும். டீசலில் பிளக்கே கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பக்கம் சுடும் இல்லையா, அதுதான் இதன் தத்துவம். சிலிண்டருக்குள் வந்த காற்றை பிஸ்டன் பதினேழு, பதினெட்டில் ஒரு பங்காக நசுக்குகிறது. காற்றின் சூடு 500 டிகிரியைத் தாண்டுகிறது. அந்த நேரம் பார்த்து நாசில் டீசலைப் பனிபோலத் தெளிக்கிறது. டீசல் சுமார் 210 டிகிரியிலேயே தானாகப் பற்றிக்கொள்ளும் சரக்கு. ஆக, வேண்டியது மூன்றே மூன்று: டீசல் வரணும், காற்று நல்லா நசுங்கணும், நசுங்குகிற வேகம் போதுமானதாக இருக்கணும். மெதுவாகச் சுற்றினால் சூடு சிலிண்டர் சுவரிலேயே போய்விடும். அதனால்தான் டீகம்ப்ரஷன் லிவரைத் தூக்கி வைத்து, வேகம் பிடித்ததும் விடுகிறார்கள்.

இனி புகைக்கு வருவோம். சுற்றும்போது சைலன்சரில் புகையே இல்லை என்றால் டீசல் உள்ளே போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. அமுக்கம் குறைவு, அல்லது தண்ணீர் கலந்திருக்கிறது. கறுப்புப் புகையோடு திணறினால் ஏர் பில்டர் அடைத்திருக்கலாம், பல நாள் கரையில் கிடந்த போட்டில் குளவி கூடு கட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை. இந்த ஒரு பார்வையில் பாதி இன்ஜினைத் தள்ளிவிடலாம்.

அன்றைக்குப் புகை இல்லை. அப்படியானால் டேங்கிலிருந்து நாசில் வரை வரிசையாக வரணும். முதலில் ஸ்டாப் லிவர். உப்பில் இறுகி, நிறுத்தின இடத்திலேயே மாட்டிக்கொண்டிருக்கும். சிரிப்பாக இருக்கும், ஆனால் நிறைய பேர் கை ஓய்வது இதனால்தான். அடுத்து டேங்க் மூடியிலுள்ள சின்னத் துளை. அது அடைத்தால் டேங்க்குக்குள் காற்று போகாது, டீசல் இறங்காது. ஸ்டார்ட் ஆகிக் கொஞ்ச நேரத்தில் நின்றுபோகிற இன்ஜினுக்கு நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அதுவும் சரியென்றால் ஏர் லாக். டீசல் பம்ப், நசுக்க முடியாத திரவத்தைத் தள்ளுவதற்காகச் செய்தது. நடுவில் ஒரு காற்றுக்குமிழி மாட்டினால் பம்ப் அந்தக் குமிழியை அமுக்கி அமுக்கி விடுமே தவிர, நாசில் திறக்கிற அழுத்தம் வராது. ஏர் எடுக்கிற முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான்: பில்டர் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி நுரையில்லாமல் டீசல் வரும்வரை விடு, மூடு. பிறகு பம்ப்பில் அதே வேலை. கடைசியாக நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டைத் தளர்த்தி மெதுவாகச் சுற்று, இறுக்கு. இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறவர்கள் உண்டு. பின்னாலிருந்து காற்று மறுபடி வந்து சேரும். எல்லாம் சரியானால் சுற்றும்போது நாசிலில் 'கிர்ர்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்காமல் வேகமாகச் சுற்றுவது வீண். ஒன்று மட்டும் கவனம்: நாசிலைக் கழற்றி வெளியே தெளிக்கவிட்டுப் பார்க்கும்போது கையை முன்னால் நீட்டவே கூடாது. அது சுமார் 200 கிலோ அழுத்தத்தில் வருகிறது, தோலைத் துளைத்து உள்ளே போகும். மேலே ஊசிப் புள்ளி மாதிரிதான் தெரியும், உள்ளே சதை கெட்டுவிடும். உடனே ஆஸ்பத்திரி.

பெரியவர் ஏர் எடுக்கும்போதே பில்டரிலிருந்து வந்ததை ஒரு காலித் தண்ணீர் பாட்டிலில் பிடித்து மணலில் நிற்க வைத்தார். ஐந்து நிமிஷத்தில் அடியில் இரண்டு விரல் உயரம் தண்ணீர். டீசல் கேனின் மூடி வாஷர் போயிருந்தது. பத்து நாள் மழை அதன்மேல்தான். கடலோர இன்ஜின்களைச் சாகடிப்பது வயசைவிட இதுதான் என்று நினைக்கிறேன். பம்ப்பின் பிளஞ்சருக்கும் அதன் கூட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அங்கே துரு ஒரு புள்ளி வந்தாலும் பம்ப் போச்சு.

அமுக்கம் பார்ப்பதற்கு மீட்டர் வேண்டாம். லிவரைத் தூக்காமல் ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால் ஸ்பிரிங் மாதிரி எதிர்த்துத் திரும்பணும். எதிர்ப்பே இல்லையென்றால், காற்று போகும் வழியில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார். எதிர்ப்பு கூடினால் ரிங் தேய்ந்திருக்கிறது. கூடாவிட்டால் வால்வு சரியாக உட்காரவில்லை, டேப்பட் பார்க்கணும். ஒரு ஸ்பூன், அவ்வளவுதான். நிறைய ஊற்றினால் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு இன்ஜின் கட்டுக்கடங்காமல் ஓடும். அப்போது ஸ்டாப் லிவர் வேலை செய்யாது. காற்று வழியைப் பலகையாலோ தடித்த ரப்பராலோ அடைக்கணும். கையை வைக்காதே. பெட்ரோலில் நனைத்த துணியைக் காற்று வழியில் காட்டுகிற வித்தையும் வேண்டாம். பிஸ்டன் மேலே வருமுன்பே பற்றி, ரிங்கை உடைக்கும், ஹேண்டிலைத் திருப்பி அடிக்கும். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைப்பதும் இதற்காகத்தான்.

இவ்வளவு மெனக்கெடல் இந்தக் கரைக்கு ஏன் என்றால், இங்கே துறைமுகம் கிடையாது. நொச்சிக்குப்பம், சீனிவாசபுரம், ஊரூர் எல்லாமே அலை உடையும் மணற்கரை. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியபோது (அலுவலகம் பின்னாளில் நம்ம அபிராமபுரம் செயின்ட் மேரீஸ் சாலையில் இருந்தது), அவர்கள் கையில் எடுத்தவற்றில் ஒன்று அலை தாண்டும் போட். குல்பிராண்ட்சன் என்ற படகு வடிவமைப்பாளரின் குழு சின்ன டீசல் இன்ஜினையும் ப்ரொபெல்லர் தண்டையும் சேர்த்தே சாய்க்கிற அமைப்பைச் சோதித்தது, மணலில் தட்டாமல் ப்ரொபெல்லரைத் தூக்கிக்கொள்வதற்காக. இன்று குப்பத்துப் போட்களில் காணும் நீள வால் இன்ஜினும் அதே தேவைக்கு வேறொரு விடை. ஆனால் ப்ரொபெல்லரை எவ்வளவு தூக்கினாலும், அலை உடையும் இடத்தில் இன்ஜின் நின்றால் போட் குறுக்கே திரும்பிக் கவிழும். அதனால்தான் சந்தேகம் உள்ள இன்ஜினைக் கரையிலேயே கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். காற்றில் குளிரும் இன்ஜின், தண்ணீர் இல்லாமலும் ஓடும்.

வெளியே போனபிறகு நின்றால்? ஸ்பேனரைத் தேடாதே, முதலில் நங்கூரம். தெண்டி வெள்ளமோ வன்னி வெள்ளமோ, ஏர் எடுக்கிற அரைமணியில் போட் எங்கேயோ போயிருக்கும். நங்கூரம் பிடித்தபிறகு அதே வரிசை: புகை, லிவர், மூடித் துளை, ஏர்.

அன்று பெரியவர் டேங்க்கைக் கழுவி, நல்ல டீசல் ஊற்றி, ஏர் எடுத்து, 'கிர்ர்' கேட்டதும் இளைஞரைக் கூப்பிட்டார். மூன்றாவது சுற்றில் பிடித்தது. கேனுக்குப் பழைய சைக்கிள் டியூபிலிருந்து வாஷர் வெட்டிக்கொண்டிருந்தபோது நான் கிளம்பிவிட்டேன்.