பழைய எந்திரமும் புதிய சில்லும்

பற்று அட்டையில் பொன்னிறமாக மின்னும் சதுரத்தின் அடியில் ஒரு சில்லு இருக்கிறது. அதைச் செய்ய முந்தைய தலைமுறை எந்திரங்களே போதும். வல்லரசுகள் மோதிக்கொள்வது, செயற்கை நுண்ணறிவுக் கணினிகளையும் உயர்ரகக் கைப்பேசிகளையும் இயக்கும் அதிநுண் சில்லுகளுக்காக.

அவற்றைப் பொறிக்கும் ஒளிப்பதிவு எந்திரத்தை உலகில் ஒரே நிறுவனம்தான் விற்கிறது: நெதர்லாந்தின் ஃபெல்ட்ஹோவன் நகரிலுள்ள ஏஎஸ்எம்எல். உருகிய வெள்ளீயத் துளிகளை, நொடிக்கு ஏறத்தாழ 50,000 வீதம், லேசர் கதிர் தாக்குகிறது. அப்போது பிறக்கும் 13.5 நானோமீட்டர் அலைநீள ஒளியைக் காற்றுகூட உறிஞ்சிவிடும். ஆகவே வெற்றிடத்தில், ஜெர்மனியின் சைஸ் நிறுவனம் மெருகேற்றிய ஆடிகளைக் கொண்டே அதைச் செலுத்துகின்றனர். ஒளி பிறப்பிக்கும் பகுதியின் நுட்பம் அமெரிக்காவின் சான் டியாகோவில் வளர்ந்தது. விற்பது நெதர்லாந்தாயினும் அமெரிக்காவின் சொல் அங்கே எடுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சீனாவுக்கு இவ்வெந்திரம் ஒன்றுகூடச் சென்றதில்லை. 2022 அக்டோபர் 7 அன்று, உயர்திறன் சில்லுகளையும் அவற்றைச் செய்யும் கருவிகளையும் சீனாவுக்கு விற்பதற்கு அமெரிக்கா கடும் கட்டுப்பாடு விதித்தது. அடுத்த ஆண்டு ஜப்பானும் நெதர்லாந்தும் தம் விதிகளை இறுக்கின. ஆனால் 2023 ஆகஸ்டில் ஹுவாவே வெளியிட்ட மேட் 60 புரோ கைப்பேசியைப் பிரித்துப் பார்த்தவர்கள் திகைத்தனர். உள்ளே, சீனாவின் எஸ்எம்ஐசி செய்த 7 நானோமீட்டர் வகைச் சில்லு! 193 நானோமீட்டர் ஒளியில் இயங்கும் பழைய எந்திரங்களால், ஒரே அடுக்கைப் பலமுறை பொறித்து அதைச் செய்திருந்தனர். தடித்த தூரிகையால் மெல்லிய கோடு வரைவதைப் போன்றது அது. படிகள் கூடக்கூட நேரமும் செலவும் பழுதும் கூடும். சந்தைக் கணக்கு இதனை ஏற்காது. வேறு வழியற்ற நாடு ஏற்கும்.

இந்தியாவும் இத்துறைக்குப் புதிதன்று. மொகாலியில் அரசின் குறைக்கடத்தி ஆலை 1984இல் உற்பத்தியைத் தொடங்கியது. 1989இல் நேர்ந்த தீவிபத்து அதை முடக்கியது. அது மீள்வதற்குள் உலகம் வெகுதூரம் சென்றுவிட்டது. 2021 டிசம்பரில் மத்திய அரசு 76,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதன்கீழ், குஜராத்தின் தோலேராவில் தைவானின் பவர்சிப் நிறுவனத்துடன் இணைந்து டாடா அமைக்கும் ஆலையின் மதிப்பு 91,000 கோடி ரூபாய். அதன் இலக்குகளுள் ஒன்று 28 நானோமீட்டர் சில்லு.

இதைச் சிறிய இலக்கு என்போர் உண்டு. எம் கருத்து அதுவன்று. மோட்டார் வாகனங்களும் மின்னணுத் திரைகளும் பெரிதும் நாடுவது இத்தகைய சில்லுகளையே. பொறிக்க அந்த 13.5 நானோமீட்டர் ஒளியும் தேவையில்லை. ஆயினும் முதன்மையான எந்திரங்கள் வெளிநாட்டிலிருந்தே வரவேண்டும். அவை வந்து சேர்ந்த பின்னரும், ஒரு சிலிக்கான் வட்டிலிருந்து எத்தனை சில்லுகள் பழுதின்றித் தேறுகின்றன என்பதைப் பொறுத்தே ஆலையின் வரவுசெலவு அமையும்.