சாலை செதுக்கிய படகு

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் சிறப்பு அனுமதி இல்லாமல் இழுத்துச் செல்லக்கூடிய சுமையின் அகலம் இன்று பெரும்பாலும் எட்டரை அடி. 1982-இல் வந்த சட்டத்துக்கு முன் பல இடங்களில் அது எட்டு அடியாக இருந்தது. லாரிகளை மனத்தில் வைத்து எழுதிய இந்த அளவுகளுக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் காருக்குப் பின்னால் டிரெய்லரில் கொண்டுபோய் ஏரியிலோ கடலிலோ இறக்கும் சிறு பாய்மரப் படகுகளுக்கு உருவம் கொடுத்தது இந்த விதிதான். அப்படியொரு படகைப் பழையதாக வாங்க நினைப்பவர் முதலில் இதைத்தான் புரிந்துகொள்ள வேண்டும். சாலையும் தண்ணீரும் சந்திக்கிற இடங்களில்தான் இந்தப் படகுகள் கெடுகின்றன.

பாயில் மோதும் காற்று படகைச் சாய்க்கப் பார்க்கிறது. அதை எதிர்த்து நிமிர்ந்து நிற்கப் படகுக்கு இரண்டு பலங்கள் உண்டு: உடலின் அகலம், அடியில் ஆழமாகத் தொங்கும் எடை. அகலத்துக்குச் சாலைவிதி எல்லை கட்டிவிட்டது. ஆழத்தில் எடையை நிரந்தரமாகப் பொருத்தினாலோ, படகு டிரெய்லரின் மேல் ஆளுயரத்துக்கு எழும்பி நிற்கும். சாய்தளத்தில் இறக்கினால் மிதக்கவும் செய்யாது. இந்தச் சிக்கலுக்குக் கலிஃபோர்னியாவில் இரண்டு பேர் இரண்டு விதமாக விடை கண்டார்கள்.

முதலாமவர் ஃபிராங்க் பட்லர். அவருடைய கேட்டலினா 22 இருபத்தொன்றரை அடி நீளம், 7 அடி 8 அங்குல அகலம். வயிற்றுக்கு அடியில் சுமார் 250 கிலோ எடையுள்ள வார்ப்பிரும்பு அடித்தகடு ஒன்று, ஓர் அச்சில் கோத்துத் தொங்குகிறது. வின்ச்சைச் சுற்றித் தகட்டை மேலே மடக்கினால் இரண்டு அடித் தண்ணீரில் படகு மிதக்கும். கீழே விட்டால் ஐந்து அடி ஆழம் வரை இறங்கும். 1970-ஐ ஒட்டி வெளிவரத் தொடங்கிய இந்தப் படகு இதுவரை 15,000-க்கு மேல் கட்டப்பட்டிருக்கிறது. அதனால்தான் பழைய படகுச் சந்தையில் இதை எங்கும் பார்க்கலாம்.

இரண்டாமவர் ரோஜர் மக்ரெகர். அவருடைய 26 அடிப் படகுகளில் அடிப்பாரமே தண்ணீர்தான். ஏரியில் இறக்கியபின் தொட்டியை நிரப்பிக்கொள்ள வேண்டும், கரையேறும்போது வடித்துவிட வேண்டும். சில மாதிரிகளில் இது அறுநூறு கிலோவுக்கும் மேல். அத்தனை எடையையும் சாலையில் சுமக்க வேண்டியதில்லை என்பது அழகான யோசனை. ஆனால் தண்ணீருக்குள் இருக்கும் தண்ணீருக்கு எடை தெரியாது. படகு சாய்ந்து, தொட்டியின் ஒரு பக்கம் நீர்மட்டத்துக்கு மேலே தூக்கப்படும்போதுதான் அந்தப் பக்கத்து நீர் பாரமாகிக் கீழே அழுத்தும். ஆகவே இந்தப் படகுகள் முதலில் சட்டென்று சாயும், பிறகு கெட்டியாக நிற்கும். தொட்டி நிரம்பியிருந்தால்தான் இதெல்லாம். 2002 ஜூலை 4 அன்று வெர்மாண்ட் மாநிலத்துச் சாம்ப்ளேன் ஏரியில், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றி, தொட்டியை முழுதாக நிரப்பாமல் ஓட்டிய ஒரு மக்ரெகர் படகு கவிழ்ந்தது. உள்ளறையில் இருந்த இரண்டு குழந்தைகள் இறந்தன. இந்த ரகப் படகைப் பார்க்கப் போகிறவர் தொட்டியின் வால்வு இறுக மூடுகிறதா, தொட்டி எங்காவது கசிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற எதையும் பார்க்க வேண்டும்.

கேட்டலினா போன்ற படகில் முதல் கவனம் அடித்தகட்டின் அச்சுக்குப் போக வேண்டும். வார்ப்பிரும்புத் தகடு, வெண்கல அச்சு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிவடம் என்று மூன்று உலோகங்கள் உப்புநீரில் சேர்ந்து கிடக்கின்றன. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். அங்கே ஒரு மின்கலமே உருவாகி, மூன்றில் எளிதில் அரிபடக்கூடிய இரும்பு மெல்லக் கரையும். பல்லாண்டு ஆட்டத்தில் அச்சின் துளை நீள்வட்டமாகிவிடும். அலையில் தகடு பக்கவாட்டில் மோதி எழுப்பும் சத்தம் உள்ளே படுத்திருப்பவருக்குக் கேட்கும். வடம் நைந்து அறுந்தால் கால் டன் இரும்பு ஒரே வீச்சில் ஆடி இறங்கும், படகின் அடியையே பிளந்துவிடலாம். நல்லவேளையாக அச்சு, வடம், வின்ச் எல்லாவற்றுக்கும் உதிரிபாகங்கள் கிடைக்கின்றன. விலையும் கட்டுப்படியாகும். ஆனால் வேலை கடினம், படகை உயரத் தூக்கி நிறுத்திவிட்டுத்தான் செய்ய முடியும்.

மேல்தளத்தைக் காலால் சோதிக்கலாம். இரண்டு ஃபைபர் கிளாஸ் படலங்களுக்கு நடுவே ஒட்டுப்பலகையோ பால்சா மரமோ வைத்து ஒட்டிய தளம் அது. வளையாத தன்மை தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும் என்பதால், எடை குறைவான மரத்தை நடுவில் வைத்துத் தடிமனைக் கூட்டுகிறார்கள். கொக்கிகளையும் கைப்பிடிகளையும் பொருத்திய திருகுத் துளைகள் வழியாக நீர் இறங்கி அந்த மரத்தை உளுத்துப்போகச் செய்யும். நடக்கும்போது தளம் அமுங்கினால் சந்தேகம் சரி. திருப்புளியின் பிடியால் தட்டினால், நல்ல இடம் கணீரென்றும் உளுத்த இடம் மந்தமாகவும் ஒலிக்கும். பாய்மரம் ஊன்றிய இடத்தைச் சுற்றி அப்படி ஒலித்தால் அந்தப் படகை விட்டுவிடுவது நல்லது.

டிரெய்லரைப் பலர் படகோடு வரும் இனாமாக நினைக்கிறார்கள். என் கருத்தில் பாதி விலை அதற்குத்தான். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடிய சக்கரத்தின் நடுக்குடம் சூடேறியிருக்கும். உள்ளிருந்த காற்று விரிந்து கொஞ்சம் வெளியேறியிருக்கும். அந்த நிலையில் சாய்தளத்தில் பின்னோக்கி இறக்கிக் குளிர்ந்த ஏரிநீரில் மூழ்கவிட்டால், மிச்சக் காற்று சுருங்கி, ரப்பர் அடைப்பின் ஓரமாக நீரை உறிஞ்சிக்கொள்ளும். கிரீஸ் பால்போல் வெளுத்து வலுவிழக்கும், பேரிங் துருவேறும். இதன் விளைவு அன்று தெரியாது. பல வாரம் கழித்து நடுச்சாலையில் பேரிங் இறுகி, சக்கரமே கழன்று ஓடும்போதுதான் தெரியும். கிரீஸைச் சுருள்வில்லால் எப்போதும் அழுத்தியபடி வைத்திருக்கும் மூடிகள் சில டாலருக்குக் கிடைக்கின்றன. படகை இறக்குமுன் சக்கரம் ஆறக் காத்திருப்பதற்குச் செலவே இல்லை.

டயர்களின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2316 என்றால் 2016-இன் 23-ஆவது வாரத்தில் தயாரானது. படகு டிரெய்லர்கள் ஓடுவது குறைவு, வெயிலில் நிற்பது அதிகம். அதனால் தடம் தேய்வதற்கு முன்பே ரப்பர் முதுமையடைகிறது. தடம் தேயாமல் பளபளக்கும் டயரைப் பார்த்து மகிழ்வதற்கு முன் அந்த எண்ணைப் படித்துவிட வேண்டும்.

எடையிலும் ஏமாற்றம் உண்டு. கேட்டலினா 22 விளம்பரத்தில் ஒரு டன்தான். டிரெய்லர், மோட்டார், நங்கூரம், பாட்டரி, தண்ணீர், பாய்கள் எல்லாம் சேர்ந்தால் ஒன்றரை டன்னைத் தாண்டிவிடும். வாங்கியபின் ஆசையாகச் சேர்க்கும் பொருள்களைப் பின்பக்கத்தில் அடுக்கினால் கொக்கியில் விழும் பாரம் குறையும். மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அங்கே இல்லாவிட்டால், வேகம் கூடும்போது டிரெய்லர் பாம்புபோல் நெளியத் தொடங்கும். பிரேக் போட்டால் அது இன்னும் மோசமாகும்.

பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் மினுமினுப்பாக இருக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பது அதன்மேல் படியும் குரோமிய ஆக்சைடு படலம். அது நீடிக்க ஆக்சிஜன் வேண்டும். கம்பியின் முனையைக் கவ்வும் குழலுக்குள் உப்புநீர் தேங்கினால் ஆக்சிஜன் தீர்ந்து, படலம் அழிந்து, வெளியே தெரியாமல் உள்ளே விரிசல் ஓடும். கம்பிகளின் வயதை விற்பவர் சொல்ல முடியாவிட்டால் புதிதாக மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம். அதோடு ஓர் எச்சரிக்கை: ஒவ்வொரு முறையும் கரையில் நிமிர்த்தும் அலுமினியப் பாய்மரம் மேலே போகும் மின்கம்பியைத் தொட்டு உயிர்கள் போயிருக்கின்றன. 1980-களில் ஹோபி நிறுவனம் தன் படகுகளின் பாய்மர நுனியை மின்சாரம் கடத்தாத ஃபைபர் கிளாஸால் செய்யத் தொடங்கியது இதனால்தான். நிமிர்த்துமுன் அண்ணாந்து பாருங்கள்.

மோட்டாரில் அதிகம் செலவழிக்க வேண்டாம். கேட்டலினா போன்ற படகின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது அது தானே எழுப்பும் அலை. பத்தொன்பது அடிச் சொச்சம் நீர்க்கோட்டு நீளமுள்ள கேட்டலினா, மணிக்கு ஏறக்குறைய 11 கிலோமீட்டரில் தன் அலையின் பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும். ஐந்து குதிரைத்திறன் போதும். அதற்குமேல் போட்டால் பின்பக்கம் தாழுமே தவிர வேகம் பெரிதாகக் கூடாது. விளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றினால் இரவு முழுவதும் எரியும் நங்கூர விளக்குக்குச் சிறிய பாட்டரியும் ஒரு சூரியத் தகடும் தாங்கும். தொளதொளத்த பழைய பாயைச் சீக்கிரம் மாற்றலாம்: அதன் குழிவு பின்னோக்கி நகர்ந்துவிடுவதால், படகை முன்னே இழுப்பதைவிடச் சாய்க்கத்தான் அதிகம் உதவும்.

இவ்வளவு சிறிய, பழைய படகில் எவ்வளவு தூரம் போகலாம்? வெப் சைல்ஸ் என்ற அமெரிக்கர் 1979-இல் கட்டிய 24 அடி மூர் படகு ஒன்றைப் பழையதாக வாங்கிச் சீரமைத்து, 2014-இல் சான் டியேகோவிலிருந்து கிளம்பினார். உலகைச் சுற்றி 2019-இல் அதே ஊருக்குத் திரும்பியபோது அவருக்கு வயது 77.

படகு பார்க்கப் போகும்போது விற்பவரிடம் மூன்றே மூன்று கேளுங்கள். அடித்தகட்டை முழுதாக இறக்கி ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். பாய்மரத்தை உங்கள் கண் முன்னே நிமிர்த்தச் சொல்லுங்கள். டிரெய்லரைப் பத்து கிலோமீட்டர் இழுத்து வந்து, சக்கரக் குடத்தைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் பேரிங் போய்விட்டது. இந்த மூன்றுக்கும் ஒருவர் மறுத்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேறு படகைத் தேடுங்கள்.