‘கிளியர்’ பண்ணியும் பாஸ்வேர்டு தெரியுதா? டெர்மினலை முழுசா அழிப்பது எப்படி?

புதுச்சேரி கடற்கரைச் சாலை கஃபேக்களில் லேப்டாப்பும் கையுமாக வேலை பார்ப்பது இப்போ சகஜம். கல்லூரி லேப்களில் ஒரே கம்ப்யூட்டரைப் பலர் மாறி மாறிப் பயன்படுத்துறாங்க. டெர்மினலில் ஓடும் ஸ்கிரிப்ட் ஒன்று டேட்டாபேஸ் பாஸ்வேர்டைக் காட்டிவிட்டது என வைத்துக்கொள்வோம். உடனே ‘கன்ட்ரோல் + எல்’ தட்டினால் திரை காலி. ஆனா, அடுத்து உட்காருபவர் மவுஸை மேலே உருட்டினால்? எல்லாமே அங்கேயே இருக்கும்!

ஏன் அழியலை?

டெர்மினலில் கண்ணுக்குத் தெரியும் திரை வேறு. மேலே உருண்டுபோன வரிகளைச் சேமிக்கும் ‘ஸ்க்ரோல்பேக்’ வேறு. 1978இல் டெக் நிறுவனத்தின் விடி100 டெர்மினல் பிரபலமாக்கிய ‘எஸ்கேப்’ குறியீடுகளே இன்றும் புழக்கத்தில் உள்ளன. ‘எஸ்கேப் [ 2 ஜே’ திரையை மட்டும்தான் துடைக்கும்.

கோடில் என்ன எழுதணும்?

இந்த மூன்றையும் இதே வரிசையில் அச்சிட வேண்டும்:

* எஸ்கேப் [ ஹெச் – கர்சரை மேல் மூலைக்குக் கொண்டுபோகும்
* எஸ்கேப் [ 2 ஜே – திரையை அழிக்கும்
* எஸ்கேப் [ 3 ஜே – ஸ்க்ரோல்பேக்கை அழிக்கும்

ஹெச், ஜே இரண்டும் பெரிய எழுத்தில் இருக்கணும். சில டெர்மினல்கள் 2 ஜே வந்ததும் பழைய வரிகளை ஸ்க்ரோல்பேக்குக்குத் தள்ளிவிடும். அதனால்தான் 3 ஜே கடைசியில். இது எக்ஸ்டெர்ம் கொண்டுவந்த கூடுதல் வசதி. லினக்ஸ் கன்சோலுக்கு 2011இல் 3.0 பதிப்போடு வந்தது. பைத்தானில் ‘பிரின்ட்’ பயன்படுத்தினால் ‘ஃப்ளஷ்’ கொடுக்க மறக்க வேண்டாம்.

வெளியீடு ஃபைலுக்குப் போகும்போது இந்தக் குறியீடுகள் அதிலே குப்பையாகச் சேரும். எனவே, ‘இஸ்ஏடிடிஒய்’ மூலம் டெர்மினல்தானா எனச் சோதித்த பிறகே அனுப்பணும்.

இது போதுமா?

போதாது. டைப் செய்த கமாண்டுகள் பாஷ் ஹிஸ்டரி ஃபைலில் தனியாக இருக்கும். லாக் ஃபைல், மீட்டிங் ரெக்கார்டிங் எதையும் 3 ஜே தொடாது. பாஸ்வேர்டு ஒருமுறை மற்றவர் கண்ணில் பட்டுவிட்டால், திரையைத் துடைப்பதைவிடப் பாஸ்வேர்டையே உடனே மாற்றுவதுதான் சரி.