நோயாளியே வைத்தியருக்கு ஆசிரியனாவதா?

வைத்தியரிடம் செல்லும் நோயாளி, தான் அறியாததை அவர் அறிவார் என்ற நம்பிக்கையோடுதான் செல்லுகிறான். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கஞ்சாவை மருந்தாக உட்கொள்வோர் விஷயத்தில் இம்முறை தலைகீழாகியிருக்கிறது. எந்த வகை, எவ்வளவு, எந்த வேளை என்பவற்றை நோயாளி தானே படித்தும், பிற நோயாளிகளை விசாரித்தும், தன் தேகத்திலேயே பரீக்ஷித்தும் தெரிந்துகொள்கிறான். தம் வைத்தியருக்கு இதில் ஞானம் போதாதென்று பலர் வெளிப்படையாகவே சொல்லுகின்றனர். சிலரோ தாம் உட்கொள்வதையே அவரிடம் மறைத்துவிடுகின்றனர்.

இது நோயாளிகளின் அகம்பாவமென்று தள்ளிவிட இடமில்லை. 2017-ல் ஸெயின்ட் லூயி நகரத்து வாஷிங்டன் ஸர்வகலாசாலையார் வெளியிட்ட ஆராய்ச்சியில், பயிற்சியிலிருந்த இளம் வைத்தியர்களில் நூற்றுக்குச் சுமார் 85 பேர், கஞ்சா மருந்தைப் பற்றித் தமக்கு ஒரு பாடமும் நடக்கவில்லையென்று ஒப்புக்கொண்டனர். பாடத்திட்டப் பதிவுகளிலோ நூற்றுக்கு 9 கல்லூரிகளில்தான் இவ்விஷயம் காணப்பட்டது. பாதிக்கு மேற்பட்ட மாகாணங்கள் இதை மருந்தாக அனுமதித்துவிட்ட வருஷம் அது!

இந்த அறியாமை வைத்தியர்களின் சோம்பலால் மட்டும் வந்ததன்று. சட்டமும் அதை வளர்த்தது. 1970-ம் வருஷத்து மத்திய சட்டம் கஞ்சாவை, வைத்திய உபயோகமே இல்லாத வஸ்துக்களின் முதல் அட்டவணையில் சேர்த்தது. 1996-ல் காலிபோர்னியா வாக்காளர்கள் அதை மருந்தாக அனுமதித்தவுடன், இதைச் சிபார்சு செய்யும் வைத்தியர்களின் மருந்தெழுதும் அதிகாரத்தைப் பறிப்போமென்று மத்திய சர்க்கார் மிரட்டிற்று. வைத்தியர்களும் நோயாளிகளும் வழக்காடினர். வைத்தியர் நோயாளியிடம் பேசுவது பேச்சுரிமையைச் சேர்ந்ததென்று 2002-ல் மேல் நியாயஸ்தலம் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பே. ஆயினும் வைத்தியருக்குக் கிடைத்தது சிபார்சு செய்யும் உரிமைதான். மருந்துச் சீட்டு எழுதும் உரிமையன்று. கட்சிக்காரனிடம் 'உமக்கு வழக்கு உண்டு' என்று சொல்லிவிட்டு, பிராதெழுதும் வேலையை முத்திரைத்தாள் விற்பவனிடம் விட்டுவிடும் வக்கீலை நம் நேயர்கள் கண்டதுண்டா?

அந்த முத்திரைத்தாள் விற்பவனின் ஸ்தானத்தில் இருப்பவன் கஞ்சாக் கடைச் சிப்பந்தி. 2018-ல் பிரசுரமான ஓர் ஆராய்ச்சிக்காக, கொலராடோ மாகாணத்தில் 400 கடைகளுக்கு ஒரு பெண் டெலிபோன் செய்தாள். தான் எட்டு வாரக் கர்ப்பவதி என்றும், குமட்டலுக்கு என்ன செய்யலாமென்றும் கேட்டாள். நூற்றுக்கு 69 கடைகள் கஞ்சாவைச் சிபார்சு செய்தன! கர்ப்பத்திலுள்ள சிசுவுக்கு அது தீங்கு செய்யக்கூடுமென்று வைத்திய சங்கங்கள் எச்சரித்திருந்த காலத்தில் நடந்தது இது. மறைப்பதிலும் அபாயமுண்டு. இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் உட்கொள்பவன் கஞ்சாவிலுள்ள கன்னாபிடியாலையும் சேர்த்து உட்கொண்டால், வார்பரினின் வேகம் அதிகரித்து இரத்தப் பெருக்கு நேரலாம். அவன் வாய்திறவாதிருக்கையில் வைத்தியர் எதைக் கண்டு அளவைக் குறைப்பார்?

இவ்வளவுக்கும் இது மேல்நாட்டார் அறியாத வித்தையன்று. 1839-ல் கல்கத்தா வைத்தியக் கல்லூரி ஆசிரியர் ஓஷானஸி, இந்நாட்டுப் பண்டிதர்களிடமும் ஹக்கீம்களிடமும் கேட்டறிந்து, கஞ்சாவை வாதநோய்க்கும் குழந்தையின் வலிப்புக்கும் கொடுத்துப் பார்த்து எழுதிவைத்தார். அமெரிக்க ஔஷத நூலில் பல்லாண்டு இடம்பெற்றிருந்த இம்மருந்து 1942-ல் அதிலிருந்து நீக்கப்பட்டது. நூலிலிருந்து போனது, கல்லூரியிலிருந்தும் போயிற்று. 1992-ல் நம் மூளையே உண்டாக்கும் கஞ்சா போன்றதொரு பொருளைக் கண்டுபிடித்தவர்கள், 'ஆனந்தம்' என்ற ஸம்ஸ்கிருதச் சொல்லைக் கொண்டு அதற்கு 'ஆனந்தமைட்' என்று பெயரிட்டனர். பெயர் வைக்க நம் பாஷை உதவிற்று. பாடம் வைக்கத்தான் கல்லூரிகளுக்கு மனம் வரவில்லை.

பாடம் வைக்க முடியாததும் அன்று. சில கொடிய வலிப்பு நோய்களுக்காக, சுத்தி செய்த கன்னாபிடியால் மருந்தை அமெரிக்க சர்க்கார் 2018-ல் அங்கீகரித்தபொழுது, உடலின் எடைக்கேற்ற அளவு, உடன் கொடுக்கும் மருந்துகளால் வரும் விளைவு, ஈரல் பரிசோதனை யாவும் அச்சிட்டுக் கொடுக்கப்பட்டன. அங்கே வைத்தியர் வைத்தியராயிருக்கிறார். குழந்தையின் தாய் கடைக்காரனைக் கேட்க வேண்டியதில்லை. மற்ற நோயாளிகளுக்காக நியூயார்க் மாகாணம் 2014-ம் வருஷத்துச் சட்டத்தில், சிபார்சு செய்யும் வைத்தியர் முதலில் ஒரு பாடம் கேட்டாக வேண்டுமென்று விதித்தது. பாடத்தின் காலம் சில மணி நேரமே. நம் ஊரில் தட்டெழுத்துப் பரீக்ஷைக்குப் போகும் பையன் அதைவிட அதிக நாழிகை உழைக்கிறான்.