ஆலை நிலத்தில் யாருக்கு வீடு?

மும்பையின் ஆலை நிலங்களுக்கு 1991-ல் ஒரு நல்ல விதி கிடைத்தது. நின்றுபோன பஞ்சாலையின் நிலத்தில் வேறு கட்டடம் எழுப்ப விரும்பும் உரிமையாளர் அதை மூன்றாகப் பிரிக்க வேண்டும். ஒரு பங்கு பூங்காவுக்கும் மைதானத்துக்குமாக மாநகராட்சிக்கு. ஒரு பங்கு எளியவர்களின் வீட்டுக்காக வீட்டுவசதி வாரியத்துக்கு. மிச்சம் அவருக்கு. பத்தே ஆண்டுகளில் அந்த விதியின் உயிரை எடுத்துவிட்டார்கள்.

பரேல், லால்பாக், வொர்லி, பைகுல்லா வட்டாரத்தை ‘கிரண்காவ்’, அதாவது ஆலையூர் என்பார்கள். 1854-ல் காவஸ்ஜி நானாபாய் தாவர் நிறுவிய முதல் பஞ்சாலைக்குப் பிறகு ஆலைத் தொழில் வளர்ந்த வட்டாரம் இது. நகரில் 58 ஆலைகள், சுமார் 600 ஏக்கர் நிலம். கொங்கணத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் ‘சால்’ எனும் ஒண்டுக்குடித்தனங்களில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். பத்தடிக்குப் பத்தடி அறையில் பத்துப் பேருக்கு மேல் தங்குவதுண்டு. பகல் ஷிப்டுக்காரர் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கிளம்ப, இரவு ஷிப்டு முடித்தவர் அதே இடத்தில் வந்து படுப்பார். சமைக்க இடமில்லாத இவர்களுக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் மாதக் கணக்கு வைத்துச் சோறு போட்டார்கள். கடன்காரர்களிடம் சிக்கித் தவித்த அந்தப் பெண்களுக்காகத்தான் 1975-ல் பிரேமா புரவ் ‘அன்னபூர்ணா மகிளா மண்டல்’ தொடங்கினார். அந்த நிலத்தின் மதிப்பில் இவர்கள் எல்லோருடைய உழைப்பும் இருக்கிறது.

1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது முறைப்படி முடித்துவைக்கப்படவே இல்லை. ஆலைகள் ஒவ்வொன்றாக நின்றன. நெய்த துணியைவிட நின்ற தரைக்கு விலை கூடியது.

2001-ல் மாநில அரசு விதியைத் திருத்தியது. ஆலைக் கட்டடங்கள் இல்லாத காலி இடத்தை மட்டும் பங்கிட்டால் போதும் என்றது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆலை 15 ஏக்கர். அதில் 12 ஏக்கரில் கொட்டகைகள் என்று வைத்துக்கொள்வோம். பழைய விதிப்படி மாநகராட்சிக்கு 5 ஏக்கர், வாரியத்துக்கு 5 ஏக்கர். திருத்தத்துக்குப் பின் பங்குக்கு வருவது வெறும் 3 ஏக்கர். அதில் இருவருக்கும் தலைக்கு ஒரு ஏக்கர்தான் தேறும். திருத்தத்தை எதிர்த்த வழக்கில் 2005-ல் மும்பை உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் நின்றது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

அதன் பிறகு எழுந்தவை விண்ணை முட்டும் அடுக்ககங்கள், அலுவலக வளாகங்கள், மால்கள். ஆலைத் தொழிலாளர்களுக்கான முதல் வீட்டுக் குலுக்கல் 2012-ல்தான் நடந்தது, 6,925 வீடுகள். விண்ணப்பித்தவர்களோ லட்சத்துக்கும் மேல். காத்திருந்தே கண்ணை மூடியவர்கள் எத்தனையோ பேர்.

மனிதர்கள் வந்து குவிந்தார்கள். பாதைகள் பழைய அகலத்திலேயே கிடந்தன. 2017 செப்டம்பர் 29 அன்று எல்பின்ஸ்டன் ரோடு ரயில் நிலையத்தின் குறுகிய நடைமேம்பாலத்தில் நெரிசலில் 23 பேர் மாண்டார்கள். சரியாக மூன்று மாதம் கழித்து, கமலா மில்ஸ் வளாகத்து உணவகத் தீயில் 14 பேர். இரண்டும் பழைய ஆலைப் பகுதியில் நடந்தவை.

நமக்கும் இது அந்நியக் கதையல்ல. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறக்கக் காரணமான பெரம்பூர் பின்னி ஆலை 1996-ல் மூடப்பட்டது. இன்று அங்கே அடுக்குமாடிகள் நிற்கின்றன. கோவையிலும் பஞ்சாலை இருந்த இடங்களில் வணிக வளாகங்கள் வந்துவிட்டன. நகரத்துக்குள் வீடு வேண்டும்தான். நின்றுபோன ஆலையைப் பூட்டி வைப்பதால் யாருக்கும் பயனில்லை. ஆனால் தொழிற்சாலை நிலம் குடியிருப்பு நிலமாக மாறும்போது அதன் விலையை ஏற்றிவிடுவது அரசின் கையெழுத்து. அந்த ஏற்றத்தில் ஊருக்கும் பங்கு உண்டு. பெரிய மனைகளில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும் என்ற நமது பொது விதி இதற்குப் போதாது. ஆலை நிலத்துக்கென்று தனியாக, கட்டடம் நின்ற இடத்தையும் சேர்த்து, மூன்றில் ஒரு பங்கை எளியவர்களின் வீட்டுக்கு ஒதுக்கும் விதியைத் தமிழ்நாடு அரசு கொண்டுவர வேண்டும். அந்தப் பங்கைப் பணமாக அல்ல, நிலமாகவே வாங்க வேண்டும். அதுவும் வகைமாற்ற ஆணை வெளியாகும் முன்பே.