மாற்றுப் பாராசூட்டும் கைக்குப் பழகட்டும்

வான்குதிப்போர் முதுகில் இரண்டு பாராசூட்டுகளைச் சுமக்கிறோம். முதன்மைப் பாராசூட் நூற்றுக்கணக்கான குதிப்புகளில் கைக்குப் பழகிவிடுகிறது. மாற்றுப் பாராசூட்டையோ பலர் ஒருமுறைகூட இயக்கிப் பார்த்ததில்லை. அமெரிக்க விதிப்படி, 180 நாட்களுக்கு ஒருமுறை உரிமம் பெற்ற வல்லுநர் அதைச் சோதித்து மடிக்க வேண்டும். அந்தச் சோதனை துணிக்குத்தான். இயக்கும் கைக்கு அன்று.

இரண்டும் ஒன்றுபோல் பறப்பதில்லை. முதன்மைப் பாராசூட்டின் துணி இன்று பெரும்பாலும் காற்றைக் கசியவிடாதது. மாற்றுப் பாராசூட், தவறாமல் விரிவதையே முதல் நோக்கமாகக் கொண்டு, பொதுவாக ஏழு அறைகளுடன், காற்றைச் சிறிதளவு கசியவிடும் துணியில் தைக்கப்படுகிறது. ஆகவே, தரையிறங்கும்போது பிரேக் கயிறுகளை இழுக்க வேண்டிய தருணமும் ஆழமும் மாறுகின்றன.

அமெரிக்காவில் பயின்றபோது, மாற்றுப் பாராசூட் வகையைச் சேர்ந்த ஒன்றை முதன்மைப் பாராசூட்டின் இடத்தில் பொருத்திக் குதித்தேன். பழக்கத்தில் பாதியளவே இழுத்தேன். முழங்கால்கள் புல்லில் தேய்ந்தன. அடுத்த குதிப்பில், உயரத்தில் இருக்கும்போதே பலமுறை இழுத்துப் பார்த்து அளவை அறிந்தேன். சில மாதங்கள் கழித்து என் முதன்மைப் பாராசூட் முறுக்கிக்கொண்டது. அதைக் கழற்றிவிட்டு மாற்றை விரித்தேன், கைகள் தயங்கவில்லை.

பயிற்சி நிலையங்கள் இத்தகைய குதிப்பு ஒன்றையேனும் பாடத்தில் சேர்க்க வேண்டும்.