நண்பர்களோடு படகில் போய் டைவிங்: எண்ணூர் கடலில் ஏன் முடியாது? அங்கே தினமும் மூழ்குபவர்கள் யார்?

அந்தமான், புதுச்சேரி டைவிங் ரீல்ஸைப் பார்த்ததும் வட சென்னை இளைஞர்களுக்கு வரும் முதல் கேள்வி இதுதான்: "நம்ம ஊர்லயும் கடல் இருக்கே, எண்ணூர்ல ஒரு படகு எடுத்துக்கிட்டுப் போய் குதிச்சா என்ன?" கடல் இருக்கு, படகு இருக்கு, கரை முழுக்கக் கருங்கல்லும் இருக்கு. ஆனாலும் அங்கே ஸ்கூபா டைவிங் சாத்தியம் இல்லை. ஏன்? விரிவாகப் பார்ப்போம்.

படகு டைவிங்கில் என்ன நடக்கும்?

காற்று குறைவாக இருக்கும் காலை நேரத்தில் படகு கிளம்பும். டைவிங் இடம் வந்ததும் இருவர் இருவராக இறங்குவார்கள். ஒருவர் மற்றவரைக் கண்பார்வையில் வைத்திருக்க வேண்டும். கீழே பேச முடியாது, கை சைகை மட்டும்தான். அதனால்தான் தண்ணீர் தெளிவாக இருப்பது அழகுக்காக மட்டுமல்ல, உயிருக்காகவும்.

10 மீட்டர் ஆழத்தில் உடல் மீதான அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு ஆகிவிடும். கீழே சிலிண்டர் காற்றைச் சுவாசித்துவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அந்தக் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடலாம். 'மூச்சை அடக்காதே' என்பதுதான் முதல் பாடம். முதல்முறை இறங்குபவர்களைப் பயிற்சியாளர் அதிகபட்சம் 12 மீட்டர் வரை அழைத்துப் போவார். முதல்நிலைச் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு 18 மீட்டர். மேலே வரும்போது 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்பது வழக்கம். ஒரே நாளில் பலமுறை மூழ்கியிருந்தால், அடுத்த 18 மணி நேரத்துக்காவது விமானம் ஏறக் கூடாது.

சென்னைக்காரர்கள் எங்கே போகிறார்கள்?

பக்கத்தில் என்றால் கோவளம். கொஞ்சம் தள்ளிப் போனால் புதுச்சேரி. புதுச்சேரியில் மீன் சேர்வதற்காகக் கடலடியில் செயற்கைப் பாறைத்திட்டே அமைத்திருக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தண்ணீர் கலங்கிவிடும் என்பதால் தேதியை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. பயிற்சியாளரின் சான்றிதழ், படகில் ஆக்சிஜன் சிலிண்டர், மருத்துவப் படிவம் இந்த மூன்றும் இல்லாத இடத்தில் இறங்காதீர்கள். சளி, காதுவலி, ஆஸ்துமா இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

எண்ணூரில் என்ன சிக்கல்?

முதல் சிக்கல், கப்பல் போக்குவரத்து. தெற்கே சென்னைத் துறைமுகம், வடக்கே 2001இல் செயல்பாட்டுக்கு வந்த எண்ணூர் துறைமுகம் (இப்போது காமராஜர் துறைமுகம்), அதை ஒட்டி காட்டுப்பள்ளி. பெரிய சரக்குக் கப்பலால் நினைத்த இடத்தில் நிற்க முடியாது. 'கீழே ஆள் இருக்கிறார்' என்று படகில் கொடி கட்டினாலும், அதைப் பார்த்துத் திரும்புவதற்குள் நேரம் போய்விடும்.

இரண்டாவது, கருங்கற்கள். இவை இயற்கைப் பாறைகள் கிடையாது. கடலோர நீரோட்டம் வருடம் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகிறது. சென்னைத் துறைமுகச் சுவர் அதை மறித்ததால் மெரினா அகலமானது, ராயபுரத்திலிருந்து வடக்கே கரை அரிக்கப்பட்டது. அதைத் தடுக்கப் போட்டவைதான் இந்தக் கற்சுவர்களும் தூண்டில் வளைவுகளும். கற்களின் ஓரத்தில் நீரோட்டம் ஆளை இழுக்கும், கல்லில் ஒட்டியிருக்கும் சிப்பிகள் காலைக் கிழிக்கும். அங்கிருந்து குதிப்பது விளையாட்டல்ல.

மூன்றாவது, தண்ணீர். கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் கொண்டுவரும் அத்தனையும் எண்ணூர் முகத்துவாரம் வழியாகத்தான் கடலில் சேர்கின்றன.

தண்ணீரில் என்னவெல்லாம் கலந்தது?

2017 ஜனவரி 28ஆம் தேதி அதிகாலை, துறைமுகத்துக்கு வெளியே 'பிடபிள்யூ மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்ற இரண்டு கப்பல்கள் மோதின. கரை ஒதுங்கிய எண்ணெய்க் கசடை ஆட்கள் வாளியால் அள்ளிய காட்சி நாடு முழுக்க ஓடியது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் முகத்துவாரத்துக்கு வந்தது. அது மணலி சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து வெளியேறியது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தெரிவித்தது. மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், பாதிக்கப்பட்ட படகுக்கு 10,000 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்தது.

இவை செய்தியில் வந்த விபத்துகள். விபத்தே இல்லாத நாட்களிலும் பிரச்சினை உண்டு. அனல்மின் நிலையச் சாம்பல் குழாய்களிலிருந்து கசிந்த சாம்பல் பல வருடங்களாக ஆற்றுப்படுகையில் படிந்தது. ஆழம் குறைந்த இடங்களில் படகு ஓட்டுவதே கஷ்டமானது. இந்த வழக்கில் 2022இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தீர்ப்பளித்தது.

அப்போ அங்கே யாருமே மூழ்குவதில்லையா?

மூழ்குகிறார்கள். சிலிண்டரும் இல்லை, கண்ணாடியும் இல்லை. முகத்துவாரத்தில் இறால் பிடிப்பவர்களில் ஒரு பகுதியினர் வலை போடுவதில்லை. கழுத்தளவுத் தண்ணீரில் நின்று, குனிந்து மூழ்கி, சேற்றைக் கையால் தடவி இறாலைப் பிடிக்கிறார்கள். பெண்களும் இந்த வேலையில் உண்டு. படகு வாங்க வசதியில்லாத குடும்பங்களுக்குக் கையே வலை.

கண்ணுக்கு எதுவும் தெரியாத தண்ணீரில் விரல்தான் வழிகாட்டி. அந்த விரல்தான் சாம்பலையும் எண்ணெய்ப் பிசுக்கையும் முதலில் தொடுகிறது. எண்ணெய் படிந்த இறாலை யாரும் வாங்க மாட்டார்கள், அந்த நாள் கூலி அதோடு சரி. நிவாரணக் கணக்கில் படகுக்கு ஒரு தொகை வருகிறது. படகே இல்லாமல் தண்ணீரில் இறங்குபவருக்கு அந்தத் தொகை கிடையாது.

தண்ணீர் கலங்கியிருந்தால் டைவிங் போகும் நண்பர்கள் அடுத்த வாரத்துக்குத் தேதி மாற்றிக்கொள்ளலாம். இறால் தடவுகிறவர்கள் மறுநாள் காலையும் அதே தண்ணீரில்தான் இறங்கியாக வேண்டும். எண்ணூரில் எண்ணெய், சாம்பல் என்று அடுத்த செய்தி வரும்போது, கரையில் நிற்கும் படகுகளோடு சேர்த்து இவர்களையும் கணக்கில் எடுத்தார்களா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.